ஃப்ரிட்ஜ் ஓயும் பதினேழு நிமிடம்

லிஃப்ட்காரரின் சட்டையைத் துவைக்கப் போடுமுன் பாக்கெட்டைத் துழாவ வேண்டும் என்பது அவர் மனைவி பதினோரு வருடமாகக் கடைப்பிடிக்கும் சட்டம். உள்ளே கைக்குட்டையோ பஸ் டிக்கெட்டோ இருக்காது. கடிகார பேட்டரி இருக்கும். எங்கோ ஒரு கூடத்துச் சுவரில் ஒரு கடிகாரம் மூன்றே காலுக்கு நின்று கிடக்கிறது என்று அதற்குப் பொருள். அவளும் உடனே போனை எடுத்து, "உங்க கடிகாரத்துக்கு ஒண்ணுமில்லீங்க, எங்க வீட்டுக்காரர் வந்துட்டுப் போயிருக்கார், அவ்வளவுதான்" என்று சொல்லிவிடுவாள்.

முப்பத்திரண்டு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவர் அவர். வேலையை விட்டு நான்கு வருடம் ஆகியும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை மோட்டார் மேல் வைத்து, பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் அழுத்திக் கேட்டே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அப்படி ஒரு நாள் எட்டு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில், லிஃப்டை நிறுத்திவிட்டு மோட்டார் அறையில் குனிந்திருந்தபோது கீழேயிருந்து பாட்டு வந்தது. மூன்றாவது மாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து பாடிப் பழகிக்கொண்டிருந்தார்கள். லிஃப்ட் ஏறி இறங்கும் அந்தக் குழி வழியாகப் பெண் குரல்கள் ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டும் ஆண் குரல்கள் எதிர்ச்சுவரைப் பிடித்துக்கொண்டும் மேலே ஏறி வந்தன. அன்று அந்த லிஃப்ட் ஒரு மணி நேரம் கூடுதலாக நின்றது. ஏன் என்று கேட்ட வாட்ச்மேனிடம், "ஸ்பேர் வரலைப்பா" என்றார். அவர் சொன்ன பொய்களில் இன்றுவரை அவருக்குப் பிடித்தது அதுதான்.

அடுத்த மாதமே உள்ளங்கை அளவு ரெக்கார்டர் ஒன்றும் அதில் செருகுகிற ஸ்டீரியோ மைக் ஒன்றும் வாங்கிவிட்டார். ஒரே மைக்குக்குள் இரண்டு காது. ஒன்று இடப்பக்கம் கேட்கும், மற்றது வலப்பக்கம். ஹெட்போனில் போட்டால் யார் எங்கே உட்கார்ந்து வாசித்தார் என்று விரல் நீட்டிக் காட்டலாம். ஆளுக்கு ஒரு மைக் வைத்து வீட்டுக்குப் போய்க் கூட்டிக் குறைக்கும் வசதியெல்லாம் இதில் கிடையாது. அந்த அறையில் அந்த நேரத்தில் என்ன கேட்டதோ அதுதான். ஆகவே ஒருவர் சத்தம் தூக்கலாக இருந்தால் நாற்காலியைத்தான் நகர்த்த வேண்டும். லிஃப்ட்காரர் நாற்காலி நகர்த்துவதைப் பார்த்தால் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறாரோ என்று தோன்றும், அவ்வளவு யோசனை. ஒரு ஜாண் முன்னால், அரை ஜாண் பின்னால், கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க, இல்லை, பழையபடியே இருங்க.

பிறகு சத்தங்களை அணைப்பார். முதலில் ஃபேன், அப்புறம் கடிகாரம், கடைசியில் ஃப்ரிட்ஜ். ஃப்ரிட்ஜின் முனகல் அறையில் இருக்கும்போது யாருக்கும் கேட்பதில்லை. பதிவைப் போட்டுக் கேட்கும்போது அதைத் தவிர வேறெதுவும் கேட்பதில்லை.

"நான் மூணு தடவை கூப்பிட்டாலும் காதுல விழாது," என்பாள் மனைவி. "பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜ் இருமினா எழுந்து உட்கார்ந்துக்குவார்."

அணைத்த ஃப்ரிட்ஜை மறுபடி போட மறந்து, ஒரு சங்கீத சபையின் இரண்டு நாள் பாலைத் திரிய வைத்த பிறகு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஃப்ரிட்ஜை அணைத்ததும் கதவைத் திறந்து ஸ்கூட்டர் சாவியை உள்ளே வைத்துவிடுவார். சாவி இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாது. சாவி எடுக்கப் போனால் ஃப்ரிட்ஜ் ஞாபகம் வரும். ஒன்பது வருடமாக ஒரு தடவைகூடத் தவறியதில்லை. வெண்ணெய்க்கும் முட்டைக்கும் நடுவில் படுத்திருந்து சில்லிட்டுப்போன சாவியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நடப்பது சுகமாகவும் இருந்தது.

ஊர்ப்பட்ட பேரைப் பதிவு செய்தவர் தன் மச்சானை மட்டும் பதிவு செய்யவில்லை.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன், பழைய தபால்காரர். கிளாரினெட் வாசிப்பார். இடுப்பெலும்பு முறிந்து தேறிய பிறகு, தனியாக வீட்டில் இருந்து இன்னொரு தடவை விழுவானேன் என்று தானே முடிவு செய்து ஒரு முதியோர் இல்லத்தில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. அவரிடம் ஒரு பாட்டு உண்டு. தினமும் தபால் பையோடு நடந்த வழியை வைத்து அவரே முப்பது வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டியது. மேட்டில் மூச்சு வாங்க ஏறும், நாய் இருக்கும் வீட்டைத் தாண்டும்போது ஓட்டமெடுக்கும், மரத்தடியில் நிற்கும், கடைசி வீட்டு வாசலில் ஒரே நீண்ட சுரமாக முடியும். எந்தத் தாளிலும் அது எழுதப்பட்டிருக்கவில்லை. அவர் வாயிலும் விரலிலும்தான் இருந்தது.

"பதிவு பண்ணிடலாமா மச்சான்?" என்று கேட்டால், "ரெண்டாவது வரி இன்னும் படியல மாப்பிள்ளை, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்பார். பதினோரு வருடம் அடுத்த வாரமாகவே போய்விட்டது.

பற்கள் அதற்குக் காத்திருக்கவில்லை. மேல் வரிசை முன்பல் நான்கும் ஆட்டம் கண்டு, ஈறில் சீழ் கட்டி, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் பிடுங்குவதாக நாள் குறித்தாயிற்று. கிளாரினெட்டின் வாய்ப்பகுதி அந்தப் பற்களின் கீழ்தான் நிற்கும். ஈறு ஆறவே எட்டு வாரம் ஆகும், அப்புறம் செட் பல், அதை வைத்துக்கொண்டு வாசிக்க முடியுமா என்பதை வாசித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று பல் டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை நீங்க வேற எங்கயும் போகல," என்றாள் மனைவி. "அண்ணன்கிட்டதான் போறீங்க. அவன் அடுத்த வாரம்னு சொன்னா வாயைத் திறக்கச் சொல்லி நாலு பல்லையும் ஆட்டிக் காட்டுங்க."

ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டர் பட்டறையில் இருந்தது. பஸ்ஸில் போனார்.

இல்லத்தில் தோதான இடம் சாப்பாட்டுக் கூடம் ஒன்றுதான். படுக்கை அறைகளில் நான்கு பேர் உட்கார இடமில்லை, மாடியில் டிவி, தோட்டத்துக்கு வெளியே சாலை. கூடத்தை ஒட்டி ஒரு சின்ன அறை. அதற்குக் கதவு கிடையாது, வெறும் வளைவுதான். அதற்குள் இடுப்பளவு உயரத்தில் ஒரு வெள்ளை ஃப்ரிட்ஜ் நின்றுகொண்டு கடமையாக முனகிக்கொண்டிருந்தது.

மச்சானோடு சேர்ந்து வாசிக்க இரண்டு பேர். வயலினுக்குக் கணக்கு டீச்சர். வாதத்தில் கால்கள் போன பிறகும் கைகள் இரண்டும் கச்சிதமாக இருந்த அந்த அம்மாள் சக்கர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். டிரம்முக்கு இல்லத்துச் சமையற்காரர். சக்கர நாற்காலியின் கிறீச்சுக்கு லிஃப்ட்காரர் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, டீச்சரை இடப்பக்கம் நிறுத்தி பிரேக்கைப் போட்டார். மச்சான் வலப்பக்கம். டிரம்மை நடுவில் வைத்துக் கேட்டார், தூக்கலாக இருந்தது. நான்கு அடி பின்னால் தள்ளினார், இன்னும் தூக்கல். இன்னும் மூன்றடி.

"அண்ணே, இன்னும் கொஞ்சம் தள்ளுங்க, அடுப்படியிலேயே வாசிச்சுடறேன்," என்றார் சமையற்காரர். "பருப்பையும் பாத்துக்கலாம்."

பிறகு கடிகார பேட்டரியைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டார். வளைவுக்குள் போய் ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினார். பழக்க தோஷத்தில் பாக்கெட்டில் கைவிட்டார். சாவி இல்லை. வீட்டுச் சாவி மனைவியிடம். போனை எடுத்து வருவதே கிடையாது, ஒரு தடவை நடுப் பாட்டில் அடித்ததிலிருந்து. வீட்டுக்குப் போக எது இல்லாமல் முடியாது என்று யோசித்தார். குனிந்து இடது கால் ஷூவைக் கழற்றி, கதவைத் திறந்து, பார்க்காமலே கீழ்த்தட்டில் வைத்து மூடினார்.

பார்த்திருக்க வேண்டும். கதவின் மேல் சமையற்காரரின் ஏப்ரன் தொங்கிக்கொண்டிருந்தது. ஏப்ரன் மறைத்த இடத்தில் கொட்டை எழுத்தில் 'மருந்து மட்டும்' என்று ஒட்டியிருந்தது.

பாட்டு மேடு ஏறி நாய் வீட்டை நெருங்கிக்கொண்டிருந்தபோது வளைவிலிருந்து தலைமை நர்ஸ் வந்தார். நடை வேகமும் இல்லை, மெதுவும் இல்லை. இரண்டு விரலால் ஷூவைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"சார், உங்க கால்ல ஏதாவது குறையுதா?"

லிஃப்ட்காரர் குனிந்து பார்த்தார். "ஆமா சிஸ்டர்."

"இன்சுலின் தட்டுக்குக் கீழ இருந்தது. இதுக்கு அங்க என்ன வேலை?"

"ஞாபகத்துக்கு வெச்சேன்."

"யாரோட ஞாபகத்துக்கு? இன்சுலினுக்கா?"

டிரம் பக்கமிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி இருமலாக மாறியது. நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பாமலே, "ஏப்ரன் மாட்டுற ஆணி சமையலறையில இருக்கு, நீங்க சிரிக்காதீங்க" என்றார். இருமலும் நின்றது.

பிளக்கை அவரே மாட்டியிருந்தார். வெப்பமானி ஏழு காட்டியது. நேரத்தையும் எண்ணையும் ரெஜிஸ்டரில் எழுதிவிட்டுத்தான் ஷூவோடு வந்திருந்தார். "எட்டைத் தாண்டியிருந்தா பதினாலு பேரோட மருந்தை நான் கொட்டியிருக்கணும். ஏழுல நின்னுது. உங்க நேரம் நல்லா இருக்கு. இனிமே அந்த பிளக்கைத் தொடக் கூடாது, அவ்வளவுதான். நாலு மணிக்குப் பாக்க வர்றவங்க வந்துடுவாங்க, கூடத்தைக் காலி பண்ணிடுங்க."

"மன்னிச்சுக்குங்க சிஸ்டர். நான் லேபிளைப் பாத்திருக்கணும்."

"பாத்திருக்கணும்," என்று ஒத்துக்கொண்டு, ஷூவை ஜன்னல் ஓரம் வெயிலில் வைத்துவிட்டுப் போனார்.

மச்சான் கிளாரினெட்டை மடியில் கிடத்தினார். "விடு மாப்பிள்ளை. நானும் ரெண்டாவது வரியில அவசரப்பட்டுட்டேன். அடுத்த வாரம் பாத்து..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். நாக்கு மேல்பல் பக்கம் போய் நான்கையும் ஒவ்வொன்றாகத் தொட்டுவிட்டுத் திரும்பியது. டீச்சர் வயலின் கம்பியைத் துடைப்பது போல் தலையைக் குனிந்துகொண்டார்.

லிஃப்ட்காரர் பெட்டியைக் கட்டவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு, ஒரு கால் ஷூவும் ஒரு கால் காலுறையுமாக வளைவுக்குள் போய் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு ஃப்ரிட்ஜ் எதிரே உட்கார்ந்தார். எந்த மோட்டாரும் ஓயாமல் ஓடாது. ஓடினால் எரிந்துபோகும். ஓடும், ஓயும், மறுபடி ஓடும். எவ்வளவு ஓடும், எவ்வளவு ஓயும் என்பதுதான் கேள்வி.

இரண்டு மணி இருபத்தேழுக்குப் போட்ட ஃப்ரிட்ஜ் இரண்டு நாற்பத்தொன்பதுக்கு 'டக்'கென்று ஒரு உதறலோடு நின்றது. ஆறாவது நிமிடத்தில் ஒரு பணிப்பெண் வந்து கதவைத் திறந்து கண் மருந்து எடுத்தாள். அடுத்த மூன்றாவது நிமிடம் ஃப்ரிட்ஜ் ஓட ஆரம்பித்துவிட்டது. ஒன்பது நிமிட ஓய்வு. பத்து நிமிடம் ஓடியது. மூன்று எட்டுக்கு நின்றது. இந்தத் தடவை யாரும் வரவில்லை. லிஃப்ட்காரர் மூச்சைக்கூட அந்தப் பக்கம் விடவில்லை. மூன்று இருபத்தைந்துக்குத்தான் மறுபடி கிளம்பியது.

பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டு நர்ஸின் மேஜைக்குப் போனார்.

"சிஸ்டர், பிளக்கைத் தொட மாட்டேன். கதவைத் திறக்காம இருந்தா பதினேழு நிமிஷம் தானாவே சும்மா இருக்குது. மூணு முப்பத்தஞ்சுக்கு நிக்கும். மூணு அம்பத்திரெண்டு வரைக்கும் நேரம். மச்சான் பாட்டு பதினஞ்சு நிமிஷம்."

நர்ஸ் டிக்கெட்டை வாங்கி, தூரத்தில் பிடித்துப் படித்தார். "உங்க மச்சான் இழுப்பாரே."

"இழுப்பார். மரத்தடியில நிப்பார்."

"தெனம் சாயங்காலம் கேக்கறேன், எனக்குத் தெரியாதா. மரத்தடியில ஒரு நாளைப் போல ஒரு நாள் இருக்காது." டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தார். "நாலு மணி ஊசியை இப்பவே எடுத்து வெச்சுடறேன், அது ஓடிக்கிட்டிருக்கும்போதே. அரை மணி வெளியில இருந்தா அதுக்கு ஒண்ணும் ஆகாது. குளிர் போனா ஊசி வலியும் குறைச்சல். அப்புறம் யாரும் கதவைத் திறக்காம நான் நின்னு பாத்துக்கறேன்."

லிஃப்ட்காரர் நன்றி சொல்ல வாயெடுத்தார்.

"செவ்வாய்க்கிழமை தேதி வாங்கினதே நான்தான் சார்," என்றார் நர்ஸ். "போங்க, பத்து நிமிஷம்கூட இல்ல."

மூன்று முப்பத்தைந்துக்கு மருந்து பாட்டில்கள் லேசாகக் கிலுங்க ஃப்ரிட்ஜ் நின்றது. வளைவை அடைத்துக்கொண்டு நர்ஸ் கை கட்டி நின்றார். லிஃப்ட்காரர் ஹெட்போனை மாட்டி, விரலை உயர்த்தி, இறக்கினார்.

மேடு நன்றாக ஏறியது. சமையற்காரரின் டிரம் செருப்புச் சத்தம் போலப் பின்னால் வந்தது. இரண்டாவது வரி வந்து போனது, லிஃப்ட்காரருக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. நாய் வீட்டில் வயலின் துரத்த கிளாரினெட் ஓடியது. ஹெட்போனுக்குள் தெருவே இருந்தது, நாய் இடப்பக்கம், தபால்காரர் வலப்பக்கம். அப்புறம் மரத்தடி. மச்சான் கண்ணை மூடிக்கொண்டார். மூடினால் எப்போது திறப்பார் என்று அவருக்கே தெரியாது.

கடிகாரத்தில் பத்து நிமிடம் ஆயிற்று. பதினொன்று. மச்சான் இன்னும் மரத்தடியில்தான் இருந்தார். பன்னிரண்டு. லிஃப்ட்காரரால் ஒரு சொல் சொல்ல முடியாது, சொன்னால் அதுவும் பதிவாகிவிடும். டீச்சரைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருப்பிக் காட்டினார். நாற்பது வருடம் பிள்ளைகளைக் குறித்த நேரத்தில் தேர்வு முடிக்க வைத்த அம்மாள் ஒரு பார்வையில் மிச்சத்தைக் கணக்குப் போட்டுவிட்டார். மச்சான் மூச்சு வாங்க விட்ட சின்ன இடைவெளியில் வயலினை நுழைத்து, அடுத்த திருப்பத்தை அவரே எடுத்துவிட்டார். மச்சானின் கண் திறந்தது. ஒரு கணம் முறைத்தார். பிறகு வேறு வழியில்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினார்.

பதினைந்தாவது நிமிடம் பணிப்பெண் ஒருத்தி ஐஸ் பைக்காக வந்தாள். நர்ஸ் வாயைத் திறக்காமல் உள்ளங்கையைக் காட்டினார். அவள் வந்த சுவடு தெரியாமல் பின்வாங்கினாள்.

கடைசி வீடு வந்தது. நீண்ட சுரம் ஆரம்பித்தது. பதினாறரை நிமிடம். மச்சானின் மூச்சு தீர்கிற வழியாக இல்லை. ஆடும் பல் நான்கையும் அழுத்திக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு தேவைப்படாததையெல்லாம் இப்போதே செலவழித்துவிடுகிறவர் போல ஊதினார். பதினேழு. 'டக்.' பாட்டில்கள் கிலுங்கின. ஃப்ரிட்ஜ் முனக ஆரம்பித்தது. மச்சான் நிறுத்தவில்லை. அதன் மேலேயே மூன்று விநாடி பிடித்து, மெல்லத் தேய்த்து, முடித்தார். சமையற்காரர் டிரம்மின் ஓரத்தில் ஒரு விரலால் ஒரே ஒரு தட்டு தட்டினார், கதவைத் தட்டுவது போல.

லிஃப்ட்காரர் மனதுக்குள் ஐந்து எண்ணிவிட்டு ரெக்கார்டரை நிறுத்தினார்.

"யாருங்க டீச்சர் உங்களை மரத்தடியிலேர்ந்து கிளம்பச் சொன்னது?" என்றார் மச்சான்.

"தபால் தாமதமா போகக் கூடாது," என்றார் டீச்சர்.

வியாழக்கிழமை லிஃப்ட்காரர் மறுபடி போனார், இந்தத் தடவை ஸ்கூட்டரில். மச்சான் மேலுதடு வீங்கிப்போய்த் தலையணையில் சாய்ந்திருந்தார். பேசக் கூடாது, காறித் துப்பக் கூடாது, ஸ்ட்ரா வைத்து உறிஞ்சக் கூடாது என்று நர்ஸின் உத்தரவு. பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் வைத்திருந்தார்கள். லிஃப்ட்காரர் அவர் காதில் ஹெட்போனை மாட்டினார்.

பதினேழு நிமிடம் மச்சான் அசையவில்லை. நாய் வீட்டில் மட்டும் இடப்பக்கம் விரல் நீட்டி டீச்சரைக் காட்டினார், பிறகு நேர் எதிரே நீட்டி, தூரம், ரொம்பத் தூரம் என்று கை விரித்துச் சமையற்காரரைக் காட்டினார். முடிவில் ஃப்ரிட்ஜ் வந்ததும் புருவம் உயர்ந்தது.

"அந்த மூணு விநாடிதான் மச்சான். மெல்லக் குறைச்சு ஃப்ரிட்ஜ் கிளம்புறதுக்கு முன்னாடியே முடிச்சுடலாம். சொல்லுங்க, வெட்டிடறேன்."

மச்சான் நோட்டை இழுத்தார். 'தொடாதே. கடைசி வீட்டு அம்மா ஃப்ரிட்ஜைத் திறந்து தண்ணீர் கொடுப்பாங்க. அந்த ஃப்ரிட்ஜ் இதைவிடச் சத்தம்.'

கொஞ்சம் யோசித்துவிட்டு அடியில் இன்னொரு வரி எழுதினார். 'ரெண்டாவது வரி அவசரம்.'

"ஒரு அவசரமும் இல்ல. நல்லாத்தான் இருக்கு."

மச்சான் தலையை ஆட்டினார், ஒத்துக்கொள்கிற ஆட்டல் இல்லை. வாசலில் நர்ஸ் வந்து நின்றார். லிஃப்ட்காரர் முன்னால் கையை நீட்டினார். லிஃப்ட்காரர் பாக்கெட்டிலிருந்து பேட்டரியை எடுத்து அந்தக் கையில் வைத்தார். மனைவி அதை ஒரு காகிதத்தில் சுற்றி, மேலே இல்லத்தின் பெயரும் எழுதிக் கொடுத்திருந்தாள்.

"கூடத்துல நாலு நாளா மணி ரெண்டுதான்," என்றார் நர்ஸ். "எல்லாரும் மதியச் சாப்பாடு முடிஞ்சதுன்னு சந்தோஷமாத் தூங்கறாங்க."

அவர் திரும்புவதற்குள் மச்சான் கட்டிலின் விளிம்பைத் தட்டினார். இரண்டு பேரும் பார்த்தார்கள். வீங்கிய உதட்டோடு அவர் எட்டு விரலை உயர்த்திக் காட்டினார். பிறகு ஊதுவது போலக் கன்னத்தை உப்பப் போனார்.

"உப்பாதீங்க, தையல் பிரியும்," என்றார் நர்ஸ். லிஃப்ட்காரர் பக்கம் திரும்பி, "எட்டு வாரம்னா எந்த ஞாயித்துக்கிழமை வருது, பாத்து எழுதிக்குங்க. ஃப்ரிட்ஜுகிட்ட நான் சொல்லி வைக்கிறேன்" என்றார்.